மூணாவது ப்ளக்கு

திருப்பதி பஸ் ஸ்டாண்டில் புத்தூர் வண்டி வந்து நின்றால் சனம் முண்டியடித்து ஏறும், ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கும். எங்கள் அக்கா வீட்டுக்காரர் மட்டும் வண்டியின் முன்பக்கம் போய், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து இஞ்சினைக் கேட்டுக்கொண்டு நிற்பார். "அடிக்குது பாரு, கேட்டியா?" என்பார். எனக்கு ஒரு மண்ணும் கேட்காது. "பத்து நிமிசத்துல இன்னொண்ணு வரும், அதுல போலாம்" என்பார். அடுத்ததிலும் அதே கதைதான். ஒரு தடவை அப்படி மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு, நாலாவதில் நின்றுகொண்டே புத்தூர் வரைக்கும் போனோம். வழி நெடுக நான் திட்டிக்கொண்டே வந்தேன். மாமா அதைக் காதில் வாங்கவில்லை, அவர் காது இஞ்சினிடம் இருந்தது.

எந்த இஞ்சினையும் நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அதே சமயம் பெரிய கோளாறு என்றும் சொல்ல மாட்டார். "இன்னா மாமா, நடு வழியில நின்னுடுமா?" என்று கேட்டால், "சே சே, ப்ளக்கு தான்" என்பார். பெட்ரோலுக்குப் பொறி தட்டி நெருப்பு வைக்கிற ப்ளக்கு டீசல் பஸ்ஸுக்குக் கிடையவே கிடையாது என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவருக்கு அது அப்போதே தெரியும்.

அவர் மனசே அப்படி. எங்கே எது கெடப்போகிறதோ என்று இருபத்துநாலு மணி நேரமும் பயம். கெட்டுப்போனதும், அது சின்ன விஷயம்தான் என்று எல்லாருக்கும் முன்னால் சத்தியம் செய்ய வேண்டும். அக்காவுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிற்று. இரண்டாவது முறை புத்தூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் ஒரே தூணைச் சுற்றிச் சுற்றி நடந்ததை நான் பார்த்தேன். உள்ளே போய் அக்காவிடம், "ஒண்ணுமில்ல மே, சின்ன கோளாறு தான், சரியாப்பூடும்" என்றார். சரியாகவில்லை. அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

எனக்கும் அப்பா அம்மா இல்லாததால் கார்வேட்டிநகரம் பக்கத்தில் அக்கா வீட்டிலேயேதான் இருந்தேன். எங்கள் சனத்துக்கு நிலம் என்று ஒன்று கைக்கு வந்ததே எங்கள் நைனா காலத்தில்தான். மாமாவுக்கு அதிலும் அரை ஏக்கர்தான், பாறை நிலம். ஆனால் அவரிடம் ஒரு டிராக்டர் இருந்தது. எஸ்டேட்காரர்கள் வெளிநாட்டிலிருந்து எப்போதோ வரவழைத்து, ஓட்டி, சலித்து, கொட்டகையில் போட்டுவிட்ட வண்டி. மாமாவும் அவர் அண்ணனும் அதைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அண்ணன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார், வண்டி மாமாவிடம் தங்கிவிட்டது.

அது டீசல் வண்டி இல்லை. முன்னால் கம்பியைச் செருகிச் சுற்றி, பெட்ரோலில் கிளப்ப வேண்டும். நன்றாகச் சூடு ஏறியதும் ஒரு சின்னக் குழாயைத் திருப்பிக் கிருஷ்ணாயிலுக்கு, அதாவது மண்ணெண்ணெய்க்கு, மாற்ற வேண்டும். நிறுத்துவதற்கு முன்னால் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி இரண்டு நிமிஷம் ஓட விட வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் கிளம்பாது. நாலு சிலிண்டர், நாலு ப்ளக்கு. பெட்ரோலை மாமா ஒரு கண்ணாடி பாட்டிலில் வைத்திருந்து, மருந்து மாதிரி அளந்து ஊற்றுவார்.

உழவுக்கு அந்த வண்டி லாயக்கில்லை. பிழைப்பு மார்கழி, தை மாதங்களில்தான். எங்கள் பக்கம் கரும்பை வெட்டி, அங்கேயே ஆலை வைத்துச் சாறு பிழிந்து வெல்லம் காய்ச்சுவார்கள். கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் மாமாவைக் கூப்பிடுவார்கள். வண்டியின் பக்கவாட்டுச் சக்கரத்தில் பெல்ட் மாட்டினால் ஆலை சுற்றும். ஆலை ஆடும் முதல் நாள், முதல் கொப்பரையில் இறங்கிய வெல்லத்தில் ஒரு உருண்டையைக் கொண்டுவந்து அந்த வண்டியின் மூக்கில் வைப்பார்கள். சூட்டில் அது இளகி வழியும். மாமா அதைத் துடைக்க விடமாட்டார்.

பயமும் அங்கேதான். வெட்டின கரும்பு காத்திருக்காது, பிழிந்த சாறு அதைவிடக் காத்திருக்காது. நடுவில் வண்டி நின்றால் சாறு புளித்துப் போகும், புளித்த சாறு வெல்லமாகக் கட்டாது. ஒரு குடும்பத்தின் வருஷ உழைப்பு அது. அதனால் மாமா வண்டியை நிறுத்தவே மாட்டார். எல்லாரும் சோறு துன்னப் போகும்போதும், கரும்பு வண்டிக்காகக் காத்திருக்கும்போதும் அது சும்மா 'டுபுக் டுபுக்' என்று ஓடிக்கொண்டிருக்கும். "நிறுத்திட்டு அப்புறம் கிளம்பலன்னா இன்னா பண்றது?" என்பார்.

அந்தப் பயம்தான் அந்த வண்டியைத் தின்றது. சும்மா ஓடுகிற இஞ்சினில் சூடு தங்காது. சூடு இல்லாவிட்டால் கிருஷ்ணாயில் முழுசாக எரியாமல் ப்ளக்கில் கரியாகப் படியும். மாமா அதைக் கழற்றி, பெட்ரோலில் நனைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, அடுப்பு நெருப்பில் காட்டி, முனைகளுக்கு நடுவில் உடைந்த ரம்பத் துண்டை விட்டு இடைவெளி பார்த்து, மறுபடி மாட்டுவார். ஒரு நாளைக்கு இரண்டு முறை, பிறகு நாலு முறை. அக்கா குழம்பு கொதிக்க வைத்திருக்கும் அடுப்பில் இந்தப் பக்கம் ப்ளக்கு சுட்டுக்கொண்டிருக்கும். "இன்னைக்கு ப்ளக்கு குழம்பா?" என்று நான் கேட்பேன். அக்கா சிரிப்பாள், அவர் சிரிக்க மாட்டார்.

இன்னொன்றும் இருந்தது. அந்த வண்டியில் ஆயில் குறைவதே இல்லை. அளவுகோலை உருவிப் பார்த்தால் போன வாரத்தைவிட மேலே ஏறியிருக்கும். மாமாவுக்கு அதில் பெருமை தாங்காது. "ஊர்ல கீற வண்டியெல்லாம் ஆயில் குடிக்குது. இது குடிக்கறதே இல்ல பாரு" என்று ஆலைக்கு வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டுவார். அவர்களும் ஆச்சரியப்பட்டுத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். புத்தூரிலிருந்து ஒரு மெக்கானிக் வேறு வேலையாக வந்தவர், அந்த அளவுகோலைத் தொட்டு விரலை முகர்ந்தார். "அன்னா, இதி ஆயில் காது, ஆயிலே இல்ல. கிருஷ்ணாயில் உள்ள எறங்கிக்கினு கீது. பிஸ்டன் ரிங்கு தேஞ்சி போச்சி" என்றார். மாமா முகம் சாம்பலாகிவிட்டது. மெக்கானிக் போனதும் எங்களைப் பார்த்து, "அவனுக்கு இந்த மாதிரி வண்டி தெரியாது. ப்ளக்கு மாத்திட்டா சரியாப்பூடும்" என்றார்.

அது எங்கள் பக்கத்துப் பெண்கள் குவைத்துக்குப் போக ஆரம்பித்திருந்த காலம். பலமனேர் பக்கமெல்லாம் தவணையில் புது டீசல் டிராக்டர்கள் இறங்கிக்கொண்டிருந்தன. எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்காரிகள் வீட்டு வேலைக்கென்று விமானம் ஏறிவிட்டார்கள். ஏஜெண்டு அக்காவையும் கேட்டுவிட்டுப் போனான். அக்காவுக்குப் போக மனசில்லை. மாமாவிடம் சொன்னாள்: "இந்த வருசம் ஆலைக்கு வண்டி முழுசா ஓடுமா, சொல்லுய்யா. ஓடும்னா நான் போவல."

"ஓடும். மூணாவது ப்ளக்கு தான் தகராறு பண்ணுது. மத்தபடி ஒண்ணுமில்ல."

மூணாவது என்பது மூன்றாவது சிலிண்டர். வண்டி ஓடும்போது மரப்பிடி போட்ட ஸ்குரூ டிரைவரின் முனையை இஞ்சினில் ஊன்றி ப்ளக்கின் தலையைத் தொட வைப்பார், அப்போது அந்தச் சிலிண்டரில் மட்டும் பொறி தட்டாது. வேலை செய்கிற சிலிண்டராக இருந்தால் வண்டியின் சத்தம் தடுமாறும். மூணாவதில் வைத்தால் மட்டும் சத்தம் மாறவே மாறாது. அது ஏற்கெனவே சும்மாதான் இருந்தது.

மறுநாள் மத்தியானம் அவர் கொட்டகையில் தனியாக உட்கார்ந்திருந்தார். நான் மோர் கொண்டுபோனேன். மூணாவது ப்ளக்கின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டி அதை முதல் சிலிண்டரில் மாட்டியிருந்தார். முதலாவதில் இருந்ததை மூணாவதில் மாட்டியிருந்தார். அரை மணி நேரம் ஓட்டி, இரண்டையும் கழற்றி, ஒரு காகிதத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நூல் கட்டியது பழுப்பாகச் சுத்தமாக இருந்தது. நூல் இல்லாதது கருப்பாக, ஈரமாக, பளபளவென்று இருந்தது. எனக்கு இஞ்சின் தெரியாது, ஆனால் இது புரிந்துபோயிற்று. கோளாறு ப்ளக்கில் இருந்திருந்தால் அது ப்ளக்கோடு போயிருக்கும். இது அந்த ஓட்டைக்குள் இருந்தது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இந்த ப்ளக்கும் சரியில்ல" என்றார்.

அன்று சாயந்திரம் கிணற்றடியில் அக்கா என்னிடம் கேட்டாள். "நீ அங்கயே தானே இருந்தே. வண்டி நெசமா ஓடுமாடி?" நான் ஒரு குடம் தண்ணீர் இழுத்து முடிக்கும்வரை யோசித்தேன். பிறகு, "ஓடாது அக்கா. ப்ளக்கு இல்ல. உள்ளயே போயிடுச்சி" என்று சொல்லிவிட்டேன். மறுநாளே அக்கா ஏஜெண்டுக்கு ஆள் அனுப்பினாள். நான் சொன்னது உண்மைதான், அதில் சந்தேகமில்லை. தை பிறந்து நாலாம் நாள், பக்கத்து ஊர் ஆலையில் கொப்பரை நிறையச் சாறு இருக்கும்போது வண்டி நின்றது. மாமா நாலு ப்ளக்கையும் மாற்றி மாற்றிப் போட்டுச் கம்பியைச் சுற்றிச் சுற்றி உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டார். சாறு புளித்தது. மாசியில் அக்கா குவைத்துக்குப் போய்விட்டாள். நான்தான் சொன்னேன் என்று மாமாவுக்குத் தெரியும். ஒரு நாளும் அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை.

பங்குனியில் சித்தூர் பழைய இரும்புக்காரர் வந்து வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார். ப்ளக்குகளை மட்டும் மாமா கழற்றி வைத்துக்கொண்டார். பிறகு ஒரு பெரிய வீட்டின் புது டீசல் டிராக்டருக்கு டிரைவராகப் போனார். "அதுல கழட்டிப் பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல சின்னப்பொண்ணு. கண்ணைக் கட்டிக்கினு ஓட்டற மாதிரி கீது" என்பார். நான் திருப்பதியில் ஒரு லாட்ஜில் துணி துவைத்து மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன்.

லாட்ஜுக்கு போன் இருந்தது. மானேஜர் நல்ல மனுஷர். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அக்கா அங்கிருந்து கூப்பிடுவாள். மாமா விடிந்ததும் கிளம்பி, எத்தனை பஸ்ஸை விட்டாரோ, பத்து மணிக்குள் வந்து வரவேற்பு மேஜைக்கு எதிரில் உட்கார்ந்துவிடுவார். முதல் முறை அக்கா என்ன கேட்பாளோ என்று நான் மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன். வண்டியை விற்றதை யார் சொல்வது என்று நாங்கள் பேசிக்கொள்ளக்கூட இல்லை. அவர் ரிசீவரை எடுத்தார்.

"ம்... ஓடுது மே. ரிங்கு போட்டாச்சி. மூணாவது ப்ளக்கு மட்டும் அப்பப்ப கரி புடிக்குது. நீ அங்க ஒழுங்கா துன்னு."

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ரிசீவரைப் பிடுங்கிச் சொல்லியிருக்கலாம். ஒரு முறை உண்மையைச் சொல்லி அவளை விமானம் ஏற்றிவிட்டவள் நான். இரண்டாவது முறை எனக்கு வாய் வரவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அப்படித்தான் ஆரம்பித்தது.

நாலு வருஷம் அந்த இல்லாத வண்டி ஓடியது. எந்த ஊர் ஆலைக்குப் போனது, யார் வெல்லம் நன்றாகக் கட்டியது, எத்தனை முறை ப்ளக்கு கழற்றினார் என்று எல்லாம் சொல்லுவார். வருகிற வழியில் பஸ்ஸிலேயே தயார் செய்துகொண்டு வருவார் போல. அக்காவும், "நான் வந்ததும் வண்டிக்கு நல்ல பெயிண்ட் அடிச்சி, கொட்டாய மாத்திடலாம்" என்பாள். அவளைக் கேட்டால் எல்லாம் சுகம்தான். "சோப்புத் தண்ணில கை கொஞ்சம் எரியுது, வேற ஒண்ணுமில்ல." ஒரு நாள், "ப்ளக்கு மேல இன்னா நம்பர் போட்டுக்கீது, படி" என்று கேட்டாள். மாமா சாவகாசமாக மடியிலிருந்து சிவப்பு நூல் கட்டிய ப்ளக்கை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். போனை வைத்த பிறகு, பரீட்சையில் தேறியவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அக்கா, இரண்டு மாதம் லீவில் வருகிறேன் என்றாள். இருபது நாள்தான் இருந்தது. மாமா அந்த இருபது நாளும் தூங்கியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை. சித்தூருக்குப் போய் இரும்புக்காரரிடம் அந்த வண்டி இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். நாலு வருஷத்துக்கு முன்னால் உருக்கிய இரும்பு. அவர் பாவம் பார்த்து டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம். அடுத்த வாரம் லாட்ஜுக்கு வந்து, ரகசியமாக என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார்.

"பலமனேர்ல ஒரு பழைய வண்டி நிக்குது சின்னப்பொண்ணு. ரெண்டு மாசத்துக்குக் கொட்டாய்ல கொண்டாந்து வெச்சிக்கலாம்னு சொல்றாங்க. கலரு தான் வேற."

"மாமா, அக்காவுக்குக் கண்ணு கீது."

"பெயிண்ட் அடிச்சிட்டோம்னு சொல்லிக்கலாம்."

"அது கிளம்புமா?"

"ப்ளக்கு இருந்தா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கையில் ஈரத் துணியோடு நான் அழுதுவிட்டேன். அவர் மேல் அவ்வளவு கோபம், அவ்வளவு பாவமாகவும் இருந்தது. பலமனேர் வண்டி வரவில்லை.

அக்கா மெட்ராஸில் இறங்கி, கூட வந்த கடப்பா பக்கத்துப் பெண்களோடு ஒரே வேனில் திருப்பதிக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டு வாசலில் அவளை இறக்கிவிட்டுப் போனார்கள். மெலிந்திருந்தாள். கை இரண்டும் தோல் உரிந்து வெள்ளையாக இருந்தது. ஒரு பெட்டி, ஒரு பை. நாங்கள் புத்தூர் பஸ் நிற்கும் இடத்தில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். காப்பி வாங்கி வந்தேன். இன்னும் இரண்டு மணி நேரத்தில் அவள் அந்தக் கொட்டகையைப் பார்க்கப்போகிறாள் என்பதைத் தவிர வேறு எதுவும் என் மண்டையில் இல்லை. மாமா காப்பியைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா பையைத் திறந்து, துண்டில் சுற்றியிருந்த ஒன்றை எடுத்தாள். சின்ன அட்டைப்பெட்டிகள் நாலு. "அந்த வீட்டு டிரைவரக் கூட்டிக்கினு கடை கடையா தேடினேன்யா. பழைய நம்பராம், கெடைக்கல கெடைக்கலன்னாங்க. கடைசில கெடைச்சிது. எல்லாம் புதுசு. இனிமே கரி புடிக்காது" என்று அவர் மடியில் வைத்தாள்.

மாமா ஒரு பெட்டியைத் திறந்தார். வெள்ளைப் பீங்கான் வெயிலில் மின்னியது. வழக்கம்போல முனையின் இடைவெளியைக் கட்டைவிரல் நகத்தால் பார்த்தார். பார்த்துவிட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அவர் வாயிலிருந்து அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும், நாலு வருஷமாகக் கேட்டதுதான். ஆனால் அது வரவில்லை.

"ப்ளக்கு இல்ல மே" என்றார். "இஞ்சினே போயிடுச்சி. நீ போன மறுமாசமே வித்துட்டேன். வண்டி இல்ல."

அக்கா அவரையே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவாள், அழுவாள், பெட்டியைத் தூக்கி எறிவாள் என்று காத்திருந்தேன். அவள் உரிந்த கையைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

"நானும் லீவுல வரலய்யா. கை இப்படி ஆனதும் வேற ஆள வெச்சிகினாங்க. திரும்பிப் போறதுக்கு வழி இல்ல" என்றாள். அவர் மடியிலிருந்த பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே, "வண்டி கீதேன்னு தைரியமா வந்தேன்" என்றாள்.

அவர் நம்பியது அவள் வேலையை, அவள் நம்பியது இவர் வண்டியை. இரண்டும் இல்லை என்று இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சில் தெரிந்தது. அவரவர் பொய்யை அவரவர் அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காப்பி ஆறிப்போயிற்று. சனம் எழுந்து ஓட ஆரம்பித்தபோதுதான் புத்தூர் பஸ் வந்து நின்றதைப் பார்த்தோம்.

மாமா ப்ளக்குப் பெட்டிகளை மடியில் செருகிக்கொண்டு எழுந்தார். முன்பக்கம் போய், தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். பஸ் குலுங்கிக் குலுங்கி இருமிக்கொண்டிருந்தது, கரும்புகை வேறு. இஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே அது கேட்டது. நான் தூக்கிய அக்காவின் துணிப்பெட்டியைக் கீழே வைத்தேன், எப்படியும் அடுத்த வண்டிதான் என்று.

அவர் திரும்பி வந்து பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அக்காவின் முழங்கையைப் பிடித்தார்.

"இந்த வண்டி இஞ்சின் நல்லா கீது மே" என்றார். "ஏறு."